மேஸ்திரியின் இடது கண்

வடக்கு வரிசை மங்கிப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ரங்கண்ணன் டீக்கடையில் பாய்லர் சூடேறி, தறிப்பட்டறைகள் தடக்குத் தடக்கென்று ஓட ஆரம்பித்து, குழாயடியில் குடங்கள் சண்டைக்கு நின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து, வீதிக்கு அந்தப் பக்கத்து வீடுகள் மட்டும் கஞ்சித் தண்ணிக்குள் முக்கியெடுத்த மாதிரி வெளுத்து, வாசல் எது சுவர் எது என்று தெரியாமல் கலங்கி நின்றன. யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. தறி ஓடுகிற வீதியில் பஞ்சு பறக்காத நாள் கிடையாது. சோற்றில் பஞ்சு, சாமி படத்தில் பஞ்சு, பெற்ற பிள்ளையின் புருவத்தில் பஞ்சு. இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பறக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எவன்டா அவன், என்ற கடை வாசல்ல மூட்டையைக் கொட்டி உதறுறவன்?" என்று ரங்கண்ணன் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "வர்க்கி பாட்டல் எங்க இருக்குதுன்னே தெரீல. கையை உட்டா சர்க்கரை டப்பாக்குள்ள போவுது."

ஆனால் அது பஞ்சு இல்லை. தொட்டால் கையில் ஒட்டவில்லை, மூச்சில் இழுத்தால் இருமல் வரவில்லை, ஈரமும் இல்லை, புகை வாசமும் இல்லை. சீமாற்றால் விசிறிப் பார்த்தார்கள், தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் அசையவில்லை. மத்தியானம் ஆனதும் அதுவாக வடக்கு வரிசையை விட்டு எழுந்து வந்து தெற்கு வரிசையின் மேல் உட்கார்ந்துகொண்டது. காற்று மாறிவிட்டது என்றார்கள். சாயங்காலம் மறுபடியும் வடக்கே போனது. காற்றுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

காற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் கண்டுகொண்டவள் மைனாவதி. தெற்கு வரிசையில் கடைசிக்கு முந்தின வீடு, தறி ஓட்டுகிற குணசீலனின் பெண்டாட்டி. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குத் தார் நூல் சுற்றப் போனவள். கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். கடைக்குப் போனால் கேட்க வந்ததைக் கேட்காமல் நிற்பாள், கடைக்காரர் அவராக எதையாவது யோசித்துக் கட்டிக் கொடுப்பார், உப்புக்குப் போனவள் புளியோடு வருவாள். பிரசவத்துக்குப் போக அம்மா வீடு இல்லாததால் பிள்ளையை இங்கேயே பெற்றாள். பெண் குழந்தை, கவினி என்று பெயர், மங்கல் வந்தபோது அதற்குத் தலை நின்றிருக்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, பாதி சாத்தின கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வீதியைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுது. வீதியில் பார்க்க இருந்தது மேஸ்திரி.

மேஸ்திரி என்பது நாய். ஷிப்டு மாறுகிற நேரத்தில் ஒவ்வொரு பட்டறைக்குள்ளும் நுழைந்து, ஒவ்வொரு தறியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை என்கிற மாதிரி வெளியே வரும். அதனால் அந்தப் பெயர். எல்லா வீட்டிலும் தின்னும், எந்த வீட்டு நாயும் இல்லை. சாப்பிட்டு முடித்தால் நடுவீதியில் படுக்கும். அது கிழக்கே பார்த்துப் படுத்தால் வடக்கு வரிசை மங்குவதையும், தூக்கத்தில் புரண்டு மேற்கே திரும்பினால் மங்கல் அதோடு சேர்ந்து எழுந்து தெற்கு வரிசைக்கு வருவதையும் மைனாவதி கதவிடுக்கில் பார்த்தாள். பார்த்ததை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்து, வைத்திருந்து, கடைசியில் புருசனிடம் சொன்னாள்.

"மாமா, மங்கல் மேஸ்திரிக்கு இடது பக்கமாத்தான் விழுவுதுங்."

"உனக்குத் தூக்கம் பத்தலை புள்ள" என்று சிரித்தான் குணசீலன். மறுநாள் டீக்கடையில் அதையே தான் கண்டுபிடித்த மாதிரி சொன்னான். டீக்குத் தொட்டுக்கொள்கிற வர்க்கி ரொட்டி ஒன்றைக் காட்டி நாயைத் திருப்பினார்கள். கதவு திறந்து மூடுகிற மாதிரி மங்கல் வடக்கிலிருந்து தெற்கே போனது. இன்னொரு வர்க்கியைக் காட்டித் திருப்பினார்கள், திரும்பி வந்தது. ரங்கண்ணன் குனிந்து நாயின் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். இடது கண்ணின் கருப்புக்குள்ளே, புழுங்கலரிசி வெந்த மாதிரி ஒரு வெள்ளை.

"அட, கண்ணுல பூ உழுந்திருக்குதப்பா" என்றார், அவ்வளவுதானா என்கிற நிம்மதியோடு. நாய்க் கண்ணில் பூ விழுந்தால் வீதி ஏன் மங்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லார் வீட்டுச் சோற்றையும் தின்று, எல்லாப் பட்டறையையும் மேற்பார்த்த கண் அது. அதற்குத் தெரியாதது வீதிக்கு மட்டும் எப்படித் தெரியும்?

பூ விழுந்த கண்ணுக்கு அந்த வீதியில் வைத்தியம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா, கல்யாணம் கருமாதி எதற்கும் முதல் ஆளாக இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு நிற்கிறவர், கையில் பால்சங்கோடு மைனாவதியிடம் வந்தார்.

"அம்மிணி, இதுல கொஞ்சம் பால் பீச்சிக் குடு."

"யாருக்குங்க்கா?"

"மேஸ்திரிக்கு."

"நாய்க்குங்களா?"

"நாய்க்கில்ல சாமி, நாய் கண்ணுக்கு. பூவுக்குத் தாய்ப்பால் உட்டாக் கரைஞ்சுரும். என்ற மாமனாருக்கு உட்டுத்தான் கரைஞ்சுது. அதுக்கப்பறம் அவரு ரொம்ப நாள் இருக்கலை, அது வேற கதை."

"வேற யாராச்சும்..."

"வேற யாரு? இப்ப வீதியில பால் இருக்கறவ நீ ஒருத்திதான். எனக்கிருந்தா உன்னைக் கேக்க வருவனா?"

வெளியே ஆம்பிளைகள் பொம்பிளைகள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். "கெடைச்சுதுங்களா?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மைனாவதிக்குச் சுவருக்குள் போய்விடலாம் போல இருந்தது. நல்லவேளை, அந்த நேரம் நாய் மேற்கே பார்த்துப் படுத்திருந்தது. மங்கல் தெற்கு வரிசையை மூடியிருந்தது. தன் கையே தனக்குச் சரியாகத் தெரியாத வெளுப்புக்குள் உட்கார்ந்து அவள் சங்கில் பால் பீச்சினாள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை, பார்க்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாக உறைத்தது. நெஞ்சுக்குள் என்னமோ ஒரு கட்டு அவிழ்ந்தது.

தினமும் காலையில் ரங்கண்ணன் நாயின் தலையைப் பிடித்துக்கொள்ள, பாப்பாத்தியக்கா பாலை ஊற்றினார். வழிந்ததை நாய் நக்கிக் குடித்தது. பூ கரையவில்லை. மேஸ்திரி மட்டும் நடுவீதியை விட்டு மைனாவதி வாசலுக்கு நேராகப் படுக்கையை மாற்றிக்கொண்டது. "உன்ற மூத்த மகன் வந்திருக்கறான் பாரு, சோறு போடு" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேலி பேசினார்கள். தன் பிள்ளையோடு பாலைப் பங்கு போட்டுக்கொண்டது என்ற முறையில் அவளும் போட்டாள்.

வைத்தியம் பலிக்கவில்லை என்றதும் வீதி வேறு மாதிரி யோசித்தது. டீக்கடையில் கூடிப் பேசி, காலையில் நாய் கிழக்கே பார்த்துப் படுப்பது, மத்தியானத்துக்கு மேல் மேற்கே பார்த்துப் படுப்பது, மங்கல் இரண்டு வரிசைக்கும் பொது என்று முடிவு செய்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நாயிடம்தான் யாரும் சொல்லவில்லை. அதனால் அவரவர் பக்கம் வெளிச்சமாக இருக்கட்டும் என்று, டீயில் நனைத்த வர்க்கியைக் காட்டி, சர்க்கரை தொட்ட பன்னைக் காட்டி, ஆளாளுக்கு நாயைத் திருப்பினார்கள். திரும்பினால் தின்னக் கிடைக்கும் என்று மேஸ்திரிக்கும் விளங்கிவிட்டது; அது தானாகவே திரும்பித் திரும்பிப் படுத்தது; மங்கல் ஊஞ்சல் மாதிரி வடக்கேயும் தெற்கேயும் ஆடியது; அந்த ஆட்டத்தில் கடன் கேட்க வந்தவன் தன் வீட்டுக் கதவையே தட்டினான், பெண் பார்க்க வந்தவர்கள் பக்கத்து வீட்டில் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள், யார் செருப்பு யார் காலில் என்று கேட்பது நின்றே போனது, ஒரு சண்டையில் எதிரெதிரே நின்று வைதுகொண்டிருந்த இரண்டு பேர் மங்கல் தாண்டிப் போன பிறகு பார்த்தால் இருவரும் ஒரே கரண்ட் கம்பத்தை வைதுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் எல்லாம் பழகிவிட்டது. மங்கல் பக்கம் போகும்போது "நாந்தான், நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே நடக்கப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டன.

எல்லோரும் வெளிச்சத்துக்கு வர்க்கி போட்டார்கள். மைனாவதி மட்டும் மங்கலுக்குப் போட்டாள். தன் டீயில் பாதியை மிச்சம் பிடித்து, சர்க்கரை கூட்டி, வர்க்கியை ஊறவைத்து, நாயின் மேற்குப் பக்கமாக வைப்பாள். நாய் மேற்கே திரும்பும். வெளுப்பு வந்து அவள் வீட்டைப் போர்த்தும். அதற்குள்ளே அவள் வேறு ஆள். வாசப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து காற்றாடப் பால் கொடுத்தாள். வாய்விட்டுத் தாலாட்டுப் பாடினாள், இவ்வளவு சத்தம் தன் தொண்டையில் இருந்தது அவளுக்கே தெரியாது. குழாயடியில் ஒருத்தி வரிசையை முந்தினபோது, "ஏனுங்க்கா, குடத்துக்குக் கண்ணில்லீன்னா உங்களுக்குமா இல்ல?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "யாருடி அது, இத்தனை வாய்?" என்றார் பாப்பாத்தியக்கா. அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் நாயின் வலது கண்ணும் வெளுத்தது. இடது கண் எப்போது வெளுத்தது என்று யாரும் கவனிக்கவில்லை; வலது கண் ஒரே வாரத்தில் பால்கட்டி ஆகிவிட்டது. அதன் பிறகு கிழக்கும் கிடையாது மேற்கும் கிடையாது, வீதி முழுக்க வெள்ளை. வீதி முக்கில் இருக்கிற வேப்பமரத்தைத் தாண்டினால் ஊர் பளிச்சென்று இருந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் பாலுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. தறி ஓட்டுகிறவர்கள்தான் முதலில் தடுமாறினார்கள். பட்டறைச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் உதட்டசைவும் கையசைவும்தான்; இப்போது உதடும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. "நூல் அறுந்துபோச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லத் தறியை நிறுத்த வேண்டியிருந்தது. ஒன்று நின்றால் பதில் சொல்ல இன்னொன்று நின்றது. அந்த வீதியில் பிறந்து வளர்ந்தவர்கள் முதன்முதலாகத் தங்கள் வீதியில் காக்கா கத்துவதைக் கேட்டு, இது என்ன சத்தம் என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள்.

நாய் இளைத்தது. வாங்கித் தின்கிறது, ஆனால் முதுகெலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது. தொட்டித் தண்ணியை வாய் எடுக்காமல் குடித்தது, நடந்த இடமெல்லாம் ஒண்ணுக்குப் போனது. "கண்ணு தெரியாத ஏக்கம், தண்ணியாக் குடிச்சு ஆத்திக்குது" என்றார்கள். பாவப்பட்டு இன்னும் இரண்டு வர்க்கி போட்டார்கள்.

அதுவரைக்கும் வீட்டுக்கே வந்து குழந்தைக்கு ஊசி போட்ட நர்ஸம்மா, "குத்தற எடமே தெரீல, ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு வாம்மா" என்று சொல்லியனுப்பினார். மைனாவதி கவினியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தைத் தாண்டினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. பிள்ளைக்குக் கண் கூசுமே என்று குனிந்து முகத்தோடு முகமாகப் பார்த்தாள். கவினி அவளை நிமிர்ந்து பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி, தன்னைப் பிடுங்கிக்கொண்டு போகிற யாரோ ஒருத்தியைப் பார்த்த மாதிரி, வீறிட்டுக் கத்தியது.

"அம்மாடா கண்ணு, அம்மாடா" என்றாள் மைனாவதி. குரலைக் கேட்டதும் பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்தி, காதைத் திருப்பி, அந்தக் குரல்காரியைத் தேடியது. கண் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தது. அது இல்லை என்று மறுபடியும் அழுதது. முந்தானையால் அதன் கண்ணை மூடின பிறகுதான் அடங்கியது.

ஊசி போட்ட நர்ஸம்மா, "முகம் பார்த்துச் சிரிக்குதாம்மா?" என்று கேட்டார். மைனாவதி தரையைப் பார்த்தாள். "இந்த வயசுலதான் கண்ணு பார்க்கப் பழகும். இப்பப் பழகலைன்னா அப்பறம் கஷ்டம்" என்றார் அவர், அடுத்த பிள்ளைக்கு மருந்து ஏற்றிக்கொண்டே.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் தான் ஊறவைத்த வர்க்கிகளை நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் மேஸ்திரி முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துத் தேய்த்து முனகிக்கொண்டிருந்தது. தடவிப் பார்த்தால் கண்ணோரம் சூடாக இருந்தது. அவள் நேராக டீக்கடைக்குத் தடவிக்கொண்டு போய், "நாந்தான்" என்றாள். "மேஸ்திரியை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போறேனுங்."



"எதுக்கு அம்மிணி?" என்றார் ரங்கண்ணன். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? பழகிட்டமல்ல. அவங்க கத்தியை வெச்சுக் கீறிப்புட்டா? இப்ப வெள்ளையாவது தெரியுது. அப்பறம் கருப்பாயிருச்சுன்னா வீதியோட விளக்கு வெச்சாலும் தெரியாது."

"அந்தப் பயமும் நியாயந்தான்" என்றது ஒரு குரல்.

"என்ற புள்ளைக்கு என்ற முகம் தெரியலீங்ணா" என்றாள் மைனாவதி.

வெளுப்புக்குள்ளே யாரோ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "பால் குடுத்தவ அவ. அவ சொன்னாச் சரி" என்றார் பாப்பாத்தியக்கா. "நானும் வாரேன். ரங்கண்ணா, நீங்களும் கடையைச் சாத்துங்க. தலையைப் புடிச்சு உங்களுக்குத்தான் பழக்கம்."

குணசீலன் மொபெட்டில் நாயை முன்னால் நிற்கவைத்து, பின்னால் பிள்ளையோடு பெண்டாட்டியை உட்காரவைத்து ஓட்டினான். மற்ற இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். ஊர் எதுவும் மங்கவில்லை. மேஸ்திரி கண்ட உலகம் அந்த ஒரு வீதிதான். மற்ற வீதிகளை மங்கவைக்க அதற்கு என்ன பாத்தியதை?

மாட்டாஸ்பத்திரியில் இருந்தது மெர்சி என்று ஒரு டாக்டரம்மா. சன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து நாயின் கண்ணை வெகுநேரம் பார்த்தார். பாப்பாத்தியக்கா தாய்ப்பால் வைத்தியத்தைச் சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார்.

"இது பூ இல்லைங்கம்மா. கண்ணுக்கு முன்னால சன்னல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்குது, பூவுங்கறது அதுல விழற வெள்ளை. இது உள்பக்கம். கருப்புக்குப் பின்னால பருப்பு மாதிரி ஒரு லென்சு இருக்குது, அது வெளுத்துப்போச்சு. கண்புரை. மனுசங்களுக்கு வருதே, அதேதான். வெளிய எத்தனை பால் ஊத்துனாலும் உள்ள போகாது."

"வயசானா எல்லா நாய்க்கும் இப்படித்தானுங்களே?" என்றார் ரங்கண்ணன்.

"வயசானா லேசா நீலம் பாரிக்கும். அதுக்குப் பார்வை போகாது, டார்ச் அடிச்சா வெளிச்சம் உள்ள போய்த் திரும்பி வரும். இங்க போகவே இல்லை." அவர் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து நாயின் முகத்துக்கு முன்னால் விட்டார். பஞ்சு சத்தமில்லாமல் இறங்கியது. மேஸ்திரி அசையவில்லை. "பார்த்தீங்களா? கல்லுப் போட்டாச் சத்தத்துக்குத் திரும்பும். பஞ்சுக்குச் சத்தமில்லை. கண்ணு தெரிஞ்சாத்தான் திரும்பும்."

பஞ்சு இறங்கும்போது மைனாவதி நாயைப் பார்க்கவில்லை. அவள் மடியில் இருந்த கவினியின் கண்கள் மேலிருந்து கீழே, பஞ்சு போகிற வழியே இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். "இன்னொருக்காப் போடுங்" என்றாள். டாக்டரம்மா போட்டார். பிள்ளையின் கண் இன்னொருமுறை இறங்கியது. மைனாவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை, டாக்டரம்மாவும் கேட்கவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்குது. அதான் தண்ணி தண்ணின்னு அலையுது, அதான் கண்ணும் இவ்வளவு வெசையா வெளுத்திருக்குது" என்றார் டாக்டரம்மா. "என்னதான் போடறீங்க?"



"நான் காலையில ஒரு வர்க்கி, அவ்வளவுதானுங்" என்றார் ரங்கண்ணன்.

"நானும் ஒண்ணுதான், டீயில நனைச்சு" என்றார் பாப்பாத்தியக்கா.

"ஆளுக்கு ஒண்ணு சரிங்க. வீதியில எத்தனை ஆளு?"

மைனாவதி ஒரு ஓரமாக நின்று தன் பங்கைத் தனக்குள்ளேயே எண்ணிக்கொண்டு, எண்ண முடியாமல் விட்டாள்.

"முதல்ல சர்க்கரை எறங்கணும். காலையும் சாயங்காலமும் சோத்தோட ஊசி. அப்பறம் பெரிய ஆஸ்பத்திரியில அந்த லென்சை எடுக்கணும். இப்பவே உள்ளுக்குள்ள ரணமாகி வலிக்குது, அதான் தேய்க்குது. தள்ளிப்போட்டா லென்சு எடம் பெயர்ந்து, அழுத்தம் ஏறி, கண்ணையே எடுக்கிற மாதிரி ஆயிரும். எடுத்துட்டாப் பார்வை வரும். ஆனா அதுக்குப் பதிலா வேற லென்சு வெக்கற வசதி இங்க இல்லை. தூரத்துல இருக்கறது தெரியும், மூக்குக்கு முன்னால இருக்கறது மங்கலாத்தான் இருக்கும். சரி, யார் வீட்டு நாய் இது? யாரு ஊசி போடுவீங்க?"

ரங்கண்ணன் பாப்பாத்தியக்காவைப் பார்த்தார். பாப்பாத்தியக்கா குணசீலனைப் பார்த்தார். குணசீலன் மொபெட் சாவியைப் பார்த்தான். மங்கல் இல்லை, கதவிடுக்கு இல்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனாவதிக்குக் காது மடல் எரிந்தது.

"என்றதுங்" என்றாள். "நான் போடறேன்."

அப்படியே போட்டாள். வெளுப்புக்குள்ளே ஊசி முனை தெரியாததால், காலையும் சாயங்காலமும் நாயை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், வெளிச்சத்தில் கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்துப் போட்டாள். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்; பார்க்கட்டும் என்று விட வேண்டியிருந்தது, ஏனென்றால் கை நடுங்கினால் நாய்க்கு வலிக்கும். வீதி வர்க்கி போடுவதை நிறுத்தியது. போட்டவன் பெயரைப் பாப்பாத்தியக்கா குழாயடியில் சத்தமாகச் சொல்வார் என்ற பயம் போதுமாக இருந்தது.

சர்க்கரை இறங்கின பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். நாயை மயக்கி உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் மைனாவதி, வெளிச்சத்தில் தன் முகத்தைப் பார்த்தால் இன்னும் அழுகிற பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே நேரத்தில் வீதியில் பட்டறைகள் எல்லாம் நின்றிருந்தன. ஆளாளுக்கு வாசலில் நின்று, கருப்பாகிவிடுமோ, வெள்ளையாகவே இருந்துவிடுமோ என்று காத்திருந்தார்கள். ரங்கண்ணன் யாருக்கும் டீ போடவில்லை. கொஞ்ச நேரத்தில் அறுத்த வெங்காயத்தைப் பக்கத்தில் வைத்த மாதிரி எல்லோர் கண்ணிலும் ஒரு சேரத் தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் மங்கல் இல்லை.

மங்கல் இல்லை, ஆனால் பழைய வீதியும் இல்லை. வாசலில் நின்றால் தூரத்து மலையில் ஆடு மேய்வது தெரிந்தது, பைபாஸில் போகிற லாரியின் நம்பர் தெரிந்தது, எதிர் வரிசை வீட்டுச் சாமி படத்தில் சாமி கட்டியிருந்த பட்டின் கரை தெரிந்தது. தன் கையில் இருக்கிற தட்டில் சோறா ரசமா என்று மட்டும் தெரியவில்லை. எதிரெதிரே தூரமாக நின்றால் முகம் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் வந்தால் கலங்கிப்போனது. நூல் கோக்கிறவர்கள் தறியை விட்டுப் பின்னால் நகர்ந்து நின்று நீளக் கொக்கியால் கோத்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஆளுக்கொரு வரிசைத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "நாந்தான், நாந்தான்" என்பது போய், கிட்டே வருகிறவரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லு சாமி, உன்னைப் பார்க்கறேன்" என்று சொல்லப் பழகினார்கள்.

கட்டு அவிழ்த்து மேஸ்திரியை மொபெட்டில் கொண்டுவந்து இறக்கின அன்றைக்கு, மைனாவதி ஆசையாகப் பிள்ளையை மடியில் கிடத்திக் குனிந்தாள். கவினிக்கு அங்கே ஒரு கலங்கலான வெள்ளைதான் தெரிந்திருக்கும். அது வழக்கம் போல மார்பில் மூக்கை வைத்துத் தேடியது. அவளுக்கும் பிள்ளையின் முகம் தெரியவில்லை. இத்தனை அலைந்தும் இதுதானா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எதிரே டீக்கடையில் நின்ற பாப்பாத்தியக்கா அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். தூரத்திலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. வீதியைக் கடந்து வந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்ப வடக்கு வரிசைக்குப் போனார். கடை வாசலில் நின்று திரும்பினார்.

"எந்திரிச்சு நில்லு அம்மிணி. கதவுக்குப் பின்னால இல்ல, முன்னால வா. இங்கிருந்துதான் உன்னைப் பார்க்க முடியும்."

மைனாவதி எழுந்து வாசலுக்கு வந்தாள். வடக்கு வரிசை முழுக்க அவளைப் பார்த்தது. தாவணி போட்ட காலத்திலிருந்து யாருக்கும் முழுசாகக் காட்டாத முகம். மூக்குத்திக் கல் ஒன்று விழுந்திருப்பது, கன்னத்தில் பழைய அம்மைத் தழும்பு, பிரசவத்துக்குப் பிறகு கொட்டிப்போன முன்நெற்றி முடி, எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. முந்தானையை இழுத்துக்கொள்ளக் கை போனது. அவள் கையைக் கீழே விட்டாள்.

கவினி இந்தப் பக்கம் பார்த்தது. வரிசையாக நின்ற முகங்களில் ஒவ்வொன்றாகப் போனது. மைனாவதியின் முகத்துக்கு வந்தது. தாண்டிப் போய்விட்டது.

வீதியில் ஒரு தறியும் ஓடவில்லை. வேப்பமரத்தில் காக்கா கத்தியது. மைனாவதி மங்கலுக்குள்ளே பாடிய அந்தத் தாலாட்டை எடுத்தாள், மங்கலுக்குள்ளே பாடிய அதே சத்தத்தில், எதிர் வரிசைக்கு எட்டுகிற மாதிரி, எல்லோர் கண்ணும் தன் மேலே இருக்க. "அட, அந்த வாய் இவளுதா?" என்று யாரோ கேட்டார்கள்.

கவினி முதலில் காதைத் திருப்பியது. பிறகு தலையைத் திருப்பியது. குரல் வருகிற வழியே, பஞ்சு இறங்குகிற வேகத்தில், அதன் கண் வீதியைக் கடந்து வந்து, பாடிக்கொண்டிருந்த வாயில் நின்றது, வாயிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து கண், மறுபடியும் வாய். பாப்பாத்தியக்காவின் இடுப்பில் இருந்தபடி இரண்டு கையையும் அந்த முகத்தைப் பார்த்து நீட்டியது.

மைனாவதி ஓடிப்போய் வாங்கவில்லை. கிட்டே போனால் கலங்கிவிடும். கால் துடிக்கத் துடிக்க அங்கேயே நின்று அவள் பாடினாள். அவள் காலடியில் படுத்திருந்த மேஸ்திரியும் தலையைத் தூக்கி, எதிரே தெரிந்த சின்ன முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.